இரண்டாவது வரியில் பட்டுவாடா

அத்தியாயம் 14

பத்திரம் பீரோவை விட்டு வெளியே வந்து ஆறு நாள் ஆகிவிட்டது. அந்த ஆறு நாளும் வஜீஹா சரியாகச் சாப்பிடவில்லை.

போன வாரம் பார்த்தோமே, அந்த வீட்டுப் பத்திரம்தான். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில், கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவு. அம்மா தன் பெண்ணின் பேரில் எழுதி வைத்துவிட்டுப் போனது. வஜீஹாவுக்கு இந்த உலகத்தில் அவள் பேரில் இருப்பது அது ஒன்றுதான். ரேஷன் கார்டில்கூடக் கணவர் பெயர்தான் முதலில்.

கணவர் மெஹபூப் பாஷா கச்சேரி ரோட்டில் முப்பத்தோரு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பெரிய கம்பெனிகளின் கடைகள் பக்கத்திலேயே வந்து, குளுகுளு ஏசியில் உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் கண்ணைப் பார்த்து அனுப்ப ஆரம்பித்த பிறகு, பாஷாவின் கடையில் ஈ ஓட்டுகிற நேரம் கூடிக்கொண்டே போனது. தானும் அந்த மாதிரி மிஷின் வாங்க வேண்டும், கண்ணாடி வில்லை அறுக்கிற புது மிஷினும் வேண்டும் என்று ஆரம்பித்தார். ஆறு லட்சம். நகையை வைக்கலாம் என்றால், அது மகள் ஃபிர்தௌஸின் படிப்போடு போய்விட்டது. மிச்சம் இருந்தது வீடு.

வட்டி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற குடும்பம் அது. வஜீஹா மூன்று வாரம் மறுத்தாள். கடைசியில் அவளை இறங்கிவரச் செய்தது பாஷா சொன்ன ஒரு வார்த்தை.

"பதினெட்டு லட்சம் வரைக்கும் எடுக்கலாம்னு ஒரு லிமிட் குடுப்பாங்க. நாம எடுக்கப்போறது ஆறுதான். எடுத்ததுக்கு மட்டும்தான் வட்டி. மீதி பாட்டுக்கு அங்கேயே கிடக்கும்."

எடுத்ததுக்கு மட்டும். சரி, தவிர்க்க முடியாத அளவுக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். விண்ணப்பத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அவளுடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நாலு மாதமாகிறது.

சிரிக்காதீர்கள். ஊருக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவர், வீட்டுக்காரிக்கு மட்டும் "நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வீட்டில்தான் இப்படி இல்லை?

ஆக, இந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு தி.நகரில் கடைசிக் கையெழுத்து.

கிளம்புகிற நேரத்தில் ஃபிர்தௌஸ் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். அப்பா அம்மாவுடன் போவதற்காக லீவு போட்டிருந்தாள்.

"அம்மி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாயங்காலம் சொல்லும்மா. இப்ப எனக்கு எதுவும் தலையில ஏறாது."

ஃபிர்தௌஸ் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் கையில் செல்போன் அடித்தது. எடுக்காமல் நிறுத்தினாள்.

வஜீஹா அதைக் கவனிக்கவில்லை. பத்திரக் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

* * *

ஃபைனான்ஸ் கம்பெனி ஆபீஸ் ஒரு நகைக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். படிக்கட்டுக்குக் கீழேயே தணிகாசலம் காத்திருந்தார். கடன் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட். இரண்டு மாதமாகப் பாஷாவின் கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருப்பவர்.

"வாங்க சார், வாங்க மேடம். இன்னா இவ்ளோ லேட்டு? உங்களுக்காகத்தான் காத்துக்கினு கீறேன். பத்து நிமிஷ வேலை. சைனைப் போட்டுட்டுப் போய்க்கினே இருக்கலாம்."

மேலே அவர்களை உட்காரச் சொன்ன ஆபீசருக்கு முப்பது வயது இருக்கும். மேஜையில் டயானா ஏசுராஜ் என்று பெயர்ப்பலகை. பேசிக்கொண்டே மூக்கிலிருந்து நழுவுகிற கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை பாஷாவால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு நிமிஷம் அதைக் கழட்டிக் குடும்மா."

சட்டைப் பையிலிருந்து ஒரு ரெக்ஸின் பை வந்தது. அதற்குள் ஊசி மாதிரி ஒரு ஸ்க்ரூ டிரைவர், துடைக்கிற துணி, மூக்கில் பதிகிற ரப்பர் துண்டுகள், இரண்டு படிக்கிற கண்ணாடிகள். மசூதிக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பை அவரோடு போகும். இரண்டு நிமிடத்தில் கண்ணாடியை முறுக்கி, ஊதி, துடைத்துக் கொடுத்தார்.

டயானா போட்டுப் பார்த்தாள். தலையைக் குனிந்து பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். கண்ணாடி அசையவில்லை.

"ஐயோ சார், ஆறு மாசமா இதோட மாரடிக்கிறேன். எங்க குப்பத்துலேர்ந்து வர வழியில மூணு கடை ஏறிட்டேன். எல்லாரும் புதுசு வாங்கிக்கோன்றாங்க. உங்க கடை எங்க சார் கீது?"

"கச்சேரி ரோட்ல" என்றார் பாஷா. அதைச் சொல்லும்போது அவர் குரல் ஏனோ இறங்கிவிட்டது.

"மேடம், பேப்பரைக் குடுங்க, மணியாவுது" என்றார் தணிகாசலம்.

டயானா ஒரு தாளை எடுத்து வஜீஹாவின் முன்னால் வைத்தாள். வஜீஹா அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி. எல்லாம் இங்கிலீஷ்.

"இது தமிழ்ல கிடைக்குமா? நான் படிச்சது தமிழ் மீடியம்."

"இதெல்லாம் இங்கிலீஷ்லதான் மேடம் வரும். நான்தான் எல்லாம் சொல்லிட்டேன் இல்ல? அந்தக் கீழ மட்டும்..."

"தமிழ்ல இருக்குண்ணே" என்று டயானா இடைமறித்தாள். "கடன் வாங்கறவங்களுக்குப் புரியற பாஷையிலதான் குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் ரூலு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருங்கம்மா, பிரிண்ட் எடுக்கிறேன்."

பிரிண்டர் இரைந்தது. தணிகாசலம் மின்விசிறியைப் பார்த்தார். ஃபிர்தௌஸின் செல்போன் மறுபடி அடித்தது, மறுபடி நின்றது.

"எங்கம்மா ஊரூர் ஒல்காட் குப்பத்துல மீன் விக்கிறாங்க" என்றாள் டயானா, தாளை எடுத்துக்கொண்டே. "ஒரு குழுக் கடன்ல எங்க கைநாட்டு வெக்கச் சொன்னாங்களோ அங்கெல்லாம் வெச்சுட்டு, வேற யாரோ வாங்கினதுக்கு மூணு வருஷம் கட்டினாங்க. அதனால என் டேபிளுக்கு வந்தா யாரா இருந்தாலும் படிச்சுட்டுத்தான் போவணும். புரிஞ்சுதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த வேலைக்கே போவேன்."

தமிழ்த் தாள் வந்தது. மேலே 'முக்கிய விவரங்களின் அறிக்கை' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே கட்டம் கட்டமாக, வரி வரியாகப் பொடி எழுத்து.

வஜீஹா கண்ணை இடுக்கினாள்.

யாராவது கண்ணை இடுக்கினால் பாஷாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். முப்பத்தோரு வருடப் பழக்கம். இப்போதும் போனது. ஆனால் பைக்குள்ளேயே நின்றது. என்ன யோசனை? ஒரு நொடிதான் இருக்கும். பிறகு அந்தக் கை படிக்கிற கண்ணாடி ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து, மனைவியிடம் நீட்டியது.

வஜீஹா போட்டுக்கொண்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு எழுத்துகள் எழுத்துகளாகத் தெரிந்தன. பள்ளிக்கூடத்தில் படிப்பது போல உதட்டை அசைத்துப் படித்தாள்.

"ஒண்ணு. அனுமதிக்கப்பட்ட கடன் தொகை, பதினெட்டு லட்சம். ரெண்டு. பட்டுவாடா, நூறு சதவீதம், ஒரே தவணையில்." நிமிர்ந்தாள். "பட்டுவாடாவா? அது எலெக்‌ஷனுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு குடுப்பாங்களே, அதுதானே?"

டயானா சிரித்தாள். தணிகாசலமும் சிரித்தார். ஃபிர்தௌஸுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. பாஷா மட்டும் சிரிக்கவில்லை.

"அது இல்லம்மா. கடன் பணத்தை உங்களுக்கு எப்படிக் குடுக்கப்போறோம்ங்கிறது. கொஞ்சம் கொஞ்சமாவா, மொத்தமாவான்னு. உங்களுக்கு மொத்தமும் ஒரே நாள்ல அக்கவுண்ட்டுக்கு வந்துடும்."

"அப்ப வட்டி?"

"பதினெட்டு லட்சத்துக்கும் முதல் நாள்லேர்ந்தே."

"நாங்க எடுக்கப்போறது ஆறுதானே?"

"எடுக்கிறது எடுக்காததுன்னு இதுல கிடையாதும்மா. நாலாவது வரியைப் பாருங்க. மாசத் தவணை இருபத்தஞ்சாயிரத்து முந்நூறு. பத்து வருஷம்."

வஜீஹாவின் விரல் அந்த வரியிலேயே நின்றது. கடையில் மாதம் முழுக்க நின்றாலும் கையில் மிஞ்சுவது முப்பதைத் தாண்டாது என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு மாதம் தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மடியில் இருந்த பத்திரக் கவர் திடீரென்று கனத்தது.

"இன்னாங்க இது?" என்று தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். கோபத்தில் அவளுக்கும் மெட்ராஸ் தமிழ் வந்துவிட்டது. "எங்க கடையில உக்காந்து டீ குடிச்சுட்டு, எடுத்ததுக்கு மட்டும் வட்டின்னு இவர்கிட்ட சொன்னீங்களாமே? ஏமாத்தறீங்களா?"

தணிகாசலம் எழுந்தே விட்டார்.

"மேடம், பெரிய வார்த்தை பேசாதீங்க. வேணும்ன்றப்ப எடுத்துக்கிற ஸ்கீமு தனியா கீது. ரெண்டையும் நான் சாருக்குச் சொன்னேன். சார்தான் மொத்தமா வேணும்னு..." பாதியில் நிறுத்திவிட்டுப் பாஷாவைப் பார்த்தார். "சார், நீங்களே சொல்லுங்க. எனக்கு இன்னாத்துக்குக் கெட்ட பேரு?"

பாஷா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டயானா ஃபைலிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று 'தேவைப்படும்போது'. இன்னொன்று 'முழுத் தொகை'. இரண்டாவது கட்டத்தில் ஒரு டிக். அதன் வால் மேலே போய் இடது பக்கம் வளைந்திருந்தது. பவர் எழுதிக் கொடுக்கிற சீட்டில் முப்பத்தோரு வருடமாகப் பாஷா போடுகிற டிக். அதற்குக் கீழேயே, பென்சில் பெருக்கல் குறியின் மேல், வஜீஹாவின் கையெழுத்து.

பதினெட்டு லட்சத்தை விட அந்த டிக் அவளுக்கு அதிகம் வலித்தது.

"என் கண்ணாடியை இதுக்குத்தான் நாலு மாசமா சரி பண்ணாம வெச்சிருந்தீங்களா?"

பாஷா நிமிர்ந்து பார்த்தார். அடி வாங்கியவர் முகம்.

"அம்மா" என்று டயானா மெதுவாகச் சொன்னாள். "இன்னிக்கே போடணும்னு ஒண்ணும் இல்ல. இந்தத் தாளைக் குடுத்த பிறகு யோசிக்கிறதுக்குக் குறைஞ்சது மூணு வேலை நாள் உங்களுக்கு உண்டு. சனி ஞாயிறு எங்களுக்கு லீவு. வெள்ளி, திங்கள், செவ்வாய். அதுவரைக்கும் இதுல இருக்கிற எதையும் நாங்க மாத்த முடியாது."

"நாளைக்கே ரேட்டு ஏறிடும் மேடம்" என்றார் தணிகாசலம். குரலில் பழைய தெம்பு இல்லை.

"ஏறாதுண்ணே."

"எனக்கும் டார்கெட்டு கீதும்மா டயானா. மாசக் கடைசி."

"தெரியுதுண்ணே. அதுக்கு அவங்க வீடா கெடச்சுது?"

அவர் உட்கார்ந்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் வீட்டில் ஸ்கூல் ஃபீஸ் இருந்தது.

வஜீஹா எழுந்திருக்கவில்லை. மீதி வரிகளையும் விரல் வைத்துப் படித்தாள். அழுகை வருகிறதென்று பாதியில் விட்டுவிட்டுப் போகிற ரகம் இல்லை அவள். எட்டாவது வரியில் நின்றாள்.

"வட்டி பதினொண்ணரைன்னீங்க. இங்க பன்னண்டரைன்னு போட்டிருக்கு?"

"வட்டி பதினொண்ணரைதான். ஃபீஸு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தா உங்க கையை விட்டுப் போறது பன்னண்டரை. அதுதான் நிஜ விலை."

"இன்ஷூரன்ஸ் யார் கேட்டா?"

"யாரும் கேக்கல. வேணாம்னா எழுதிக் குடுங்க, எடுத்துடறேன். இதுல எழுதாத சார்ஜ் எதையும் உங்க சம்மதம் இல்லாம உங்க தலையில கட்டவும் கூடாது. அதுவும் ரூல்தான்."

வஜீஹா தாளை இரண்டாக மடித்தாள். பத்திரக் கவருக்குள் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை வரேம்மா. வந்தாலும் வருவேன், வராமலும் இருப்பேன்."

* * *

பனகல் பார்க்கில் ஒரு பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஃபிர்தௌஸ், இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா.

"கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றார் பாஷா.

வஜீஹா திரும்பினாள்.

"ரெண்டு மாசம் ஆச்சு. கட்டடத்தை விக்கிறாங்களாம். வர்ற மாசக் கடைசிக்குள்ள சாவி குடுக்கணும். லஸ் பக்கத்துல ஒரு இடம் பார்த்தேன். அட்வான்ஸும் உள் வேலையும் சேர்த்துப் பன்னண்டு லட்சம். மிஷின் ஆறு. அதான் பதினெட்டு."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவே."

"சொல்லாததுக்குத்தான் இப்ப எனக்குப் பயமா இருக்கு." அவள் குரல் உடைந்தது. "என் வீடு. எங்கம்மா வீடு. அதை வெச்சு விளையாடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை. அவ்வளவுதானே கேக்கறேன்? அந்தப் பொண்ணு யாரு, முன்னப் பின்னத் தெரியாதவ. அவ உக்கார வெச்சு ஒவ்வொரு வரியா சொல்றா. இருபத்தெட்டு வருஷமா கூட இருக்கிறவருக்கு அது தோணல."

"வெக்கமா இருந்துச்சு வஜீஹா. முப்பத்தோரு வருஷம் ஒரே இடத்துல உக்காந்தவன். போன்னு சொன்ன உடனே போக வேண்டியவன்தான்னு ஆயிடுச்சு. கடை இல்லாத பாஷாவை யாரு தேடி வருவா?"

ஃபிர்தௌஸ் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வஜீஹா கண்ணைத் துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினாள். கையில் வைத்துப் பார்த்தாள். ஆபீசில் அவர் எடுத்துக் கொடுத்த கண்ணாடி. இதைக் கொடுக்காமலே இருந்திருக்கலாமே இந்த மனுஷர்? கொடுத்திருக்காவிட்டால் இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பாளே? அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அந்தப் பொண்ணு டயானா" என்றாள் யோசனையோடு, "உங்க போர்டைப் பார்த்துட்டா கண்ணாடியைக் கழட்டிக் குடுத்தா?"

"எந்தப் போர்டு?"

"அதான் கேக்கறேன். மூணு கடை ஏறினவ. உங்க சட்டைப் பையிலேர்ந்து கடை வெளியே வந்துச்சு, வேலை முடிஞ்சுது. எழுந்திருங்க. வீட்டுக்குப் போலாம்."

* * *

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சந்துப் பக்கம் பார்த்த முன் அறையைத் திறந்தாள். ஓடாத ஸ்கூட்டர், கடையில் கழித்த ஷோகேஸ், அட்டைப் பெட்டிகள், ஒரு சைக்கிள் டயர். எட்டு வருடமாக அந்த அறைக்குப் பேரே 'சாமான் ரூம்'தான்.

"இங்க வைங்க கடையை."

"சந்துக்குள்ளயா? எவன் வருவான்?"

"இப்ப மட்டும் எவன் வரான்? பாய் இருக்காரான்னு போன் பண்ணிட்டுத்தானே வராங்க? ரோட்லேர்ந்து நாப்பது அடி நடந்து வரட்டும். வாடகை இல்ல, அட்வான்ஸ் இல்ல, காலி பண்ணுன்னு சொல்ல ஆளும் இல்ல. நான் சொன்னாத்தான் உண்டு."

பாஷா அறையைச் சுற்றிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடுகிற முகம். ஸ்கூட்டரைத் தாண்டி, சுவரிலிருந்து சுவருக்குக் காலால் அளந்தார்.

"கண்ணு பார்க்கிற எழுத்துச் சார்ட்டுக்கு இருபது அடி தூரம் வேணும். இது பன்னண்டுதான்."

"எதிர்ச் சுவத்துல முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டி, சார்ட்டை அதுல காட்டினா இருபத்துநாலு" என்றாள் வஜீஹா. "உங்க கடையில அப்படித்தானே மாட்டியிருக்கீங்க? இருபத்தெட்டு வருஷம் உங்களுக்குச் சோறு கட்டி எடுத்துட்டு வந்திருக்கேன். அதுகூடத் தெரியாதா?"

பாஷா அவளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. ஃபிர்தௌஸ் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். சாயங்கால வெயில் ஷோகேஸின் தூசி மேல் விழுந்தது.

"மிஷினுக்கு மட்டும் ஆறு" என்றாள் வஜீஹா. "அதுவும் அந்த எடுத்ததுக்கு மட்டும் ஸ்கீமுல. டயானாகிட்ட கேப்போம். அதுக்கும் ஒரு தாள் குடுன்னு உக்காந்துக்குவேன். சரியா இருந்தா போடுவேன், இல்லன்னா பத்திரம் பீரோவுக்குப் போயிடும்."

"இன்ஷா அல்லாஹ்" என்றார் பாஷா.

"இருங்க, முடியல. எனக்கு இன்னொரு தாள் வேணும். உங்ககிட்டேர்ந்து." அவள் ஷோகேஸின் மேல் கிடந்த பழைய கண்ணாடிச் சீட்டுப் புத்தகத்தைத் தூசி தட்டி அவரிடம் நீட்டினாள். கண் பார்த்துப் பவர் எழுதிக் கொடுக்கிற சீட்டு. நடுவில் கோடு, ஒரு பக்கம் வலது கண், மறுபக்கம் இடது கண். "வலது கண்ல என்கிட்ட சொன்னது. இடது கண்ல சொல்லாம விட்டது. எனக்குப் புரியற பாஷையில எழுதணும், பாஷா."

கணவர் பெயரை அவள் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத்தான் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாஷா ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து எழுதினார். வலது கண்ணில் அதிகம் எழுத எதுவும் இருக்கவில்லை. இடது கண்ணில் நிறுத்தி நிறுத்தி மூன்று வரி எழுதினார். சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வஜீஹா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

கடை காலி. அது தெரிந்ததுதான். லஸ் இடத்துக்கு டோக்கன் இருபதாயிரம் கொடுத்தாயிற்று, திரும்பக் கேட்க வேண்டும். சரி, கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது வரி கொஞ்சம் நீளம். 'உன் கண்ணாடியைச் சரி பண்ணாதது மறதிதான், சத்தியமாக மறைக்க இல்லை. ஆனால் இன்று பையில் கண்ணாடி இருந்தும் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தேன்.'

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அந்த ஒரு நொடியை அவர் சொல்லியிருக்காவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதே இல்லை. கண் கலங்கியது. எழுத்து மங்கியது. இந்தத் தடவை குறை கண்ணாடியில் இல்லை.

"ஒரு நொடிதானே" என்றாள்.

"ஒரு நொடிதான்."

"அப்புறம் குடுத்துட்டீங்க இல்ல? அது போதும்." சீட்டை மடித்துப் பத்திரக் கவருக்குள், டயானாவின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஆனா ஒண்ணு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. வேற ஏதாவது ஞாபகம் வந்தா அதுக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க. இதுல எழுதாத எதையும் அப்புறமா என் தலையில கட்டக்கூடாது."

"கட்ட மாட்டேன்."

"அப்ப ஸ்கூட்டரைப் பிடிங்க, வெளிய தள்ளுவோம்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். எட்டு வருடம் அசையாத ஸ்கூட்டர் முனகிக்கொண்டு நகர்ந்து, சந்துக்கு வந்து நின்றது. வஜீஹா மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே திரும்பினாள்.

ஃபிர்தௌஸ் ஷோகேஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சீட்டுப் புத்தகம் அவள் கையில் இருந்தது. ஒரு சீட்டைக் கிழித்து, எழுதி, நாலாக மடித்து வைத்திருந்தாள். வெளியே தெரிந்த ஓரத்தில் வலது கண் பக்கம் காலியாக இருந்தது.

அவள் செல்போன் ஷோகேஸ் மேல் அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் அதை நிறுத்தவில்லை.

"யோசிக்கிறதுக்குன்னு குடுத்த இந்த மூணு நாள் எனக்கும் செல்லுமா, அம்மி?"